வாங்காமல் விட்டால் அங்கே கூலி உயருமா?

கீழக்கரையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த சட்டைகளில் பாதிக்கு மேல் பங்களாதேஷில் தைத்தவை. அங்கே தைக்கிறவர்கள் படும் பாட்டைப் படித்த பிறகு உடுத்த மனம் வரவில்லை. எல்லாரும் சேர்ந்து வாங்காமல் விட்டால் அவர்கள் நிலை மாறுமா?"

நாட்டின் பெயரைப் பார்த்து ஒதுக்கினால் மாறாது. பெரும்பாலும் இன்னும் கெடும். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி, அங்கே வேலை செய்கிறவர்களே கேட்கும் ஒன்றைக் கேட்டு, அதைத் தரும்வரை வாங்கமாட்டோம் என்று நின்றால் மாறும். மாறியும் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள டாக்கா வரை போக வேண்டாம். மண்டபம் பக்கத்து நண்டுக் கம்பெனியிலும் தூத்துக்குடி இறால் கம்பெனியிலும் மேசை முன்னால் நிற்கும் பெண்கள் உரித்துக் கொடுப்பது கப்பலேறி வெளிநாட்டுத் தட்டுக்குத்தான் போகிறது. நீங்கள் டாக்காவின் தையல்காரிக்கு எங்கே நிற்கிறீர்களோ, அங்கேதான் அமெரிக்காவில் இறால் வாங்கும் ஒருவர் நம் ஊர்ப் பெண்ணுக்கு நிற்கிறார். அவர் "இந்திய இறால் இனி வேண்டாம்" என்று முடிவெடுத்தால் இங்கே என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். 40 அடி குளிர்கன்டெய்னர் ஒன்றில் உரித்து உறையவைத்த இறால் 18 டன் அளவுக்குப் போகும். ஒரு பெண் நாளைக்கு 30 கிலோ உரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 கிலோவை 30ஆல் வகுத்தால் 600. ஒரு கன்டெய்னர் ரத்தானால் 600 ஆள்நாள் கூலி போயிற்று.

அந்த 600 நாளும் எல்லார் தலையிலும் சமமாக விழாது. முதலில் நிற்பது மேஸ்திரியின் வேன். கான்ட்ராக்டில் வரும் பெண்களுக்கு வேலையில் சேர்த்ததற்குக் கடிதம் கிடையாது, அதனால் நீக்கியதற்கும் கடிதம் கிடையாது. விடியலில் வேன் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். அடுத்து மிகைநேர வேலை போகும். பிறகு பண்ணைக்காரருக்குத் தரும் கவுண்ட் விலை, அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் என்ற அளவுப்படி தரும் விலை, இறங்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி என்றதும் ஆந்திராவின் வனாமி இறால் பண்ணைகளில் கொள்முதல் விலை விழுந்தது இந்த வழியில்தான். கம்பெனியின் லாபத்தில் கைவைப்பது பெரும்பாலும் கடைசியாக நடக்கும். அமெரிக்காவில் இறாலை ஒதுக்கியவர், தான் முதலாளியைத் தண்டித்ததாக நினைத்திருப்பார். வேன் வராமல் போனது யாருக்கு என்று அவருக்குத் தெரியாது.

துணியிலும் இதுவே கதி, அதுவும் தாமதமாக. இன்று கடையில் தொங்கும் சட்டைக்கு ஆர்டர் போய் ஆறு மாதமாவது ஆகியிருக்கும். நீங்கள் வாங்காதது அடுத்த சீசன் அல்லது அதற்கடுத்த சீசன் ஆர்டரில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஏன் குறைந்தது என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. வானிலையா, விலையா, பழைய டிசைனா, தொழிலாளர் பிரச்சினையா என்று பிராண்டுக்கே தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி வெளிநாட்டு பிராண்டுகள் பங்களாதேஷில் சுமார் 300 கோடி டாலர் ஆர்டர்களை ரத்து செய்தபோதும் நிறுத்திவைத்தபோதும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள் அல்லது வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பலருக்குச் செய்த வேலைக்குக்கூடச் சம்பளம் வரவில்லை. ஒரு நாட்டையே புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஒத்திகை வேண்டாம்.

அதற்கும் முன்னால் இன்னொன்று நடந்தது, மனதை அறுக்கும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் கைபட்ட பொருளுக்கு இறக்குமதித் தடை கேட்டு அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனால் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பங்களாதேஷ் ஆலைகள் சுமார் 50,000 சிறுவர் சிறுமியரை வெளியே அனுப்பிவிட்டன. அவர்களில் பலர் கல் உடைப்பதிலும் தெருவோர வேலையிலும் பாலியல் தொழிலிலும் போய் விழுந்ததை யுனிசெப் தன் 1997ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் உட்கார்ந்து, பள்ளியில் இடம் தயாராகும்வரை எந்தக் குழந்தையையும் நீக்கக்கூடாது, பள்ளிக்குப் போனால் உதவித்தொகை உண்டு என்று ஒப்பந்தம் போட்டார்கள். முதல் நாளே இப்படிக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

சரி, வென்றது எங்கே? மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் ஜெர்சீஸ் டி ஹோண்டுராஸ் என்ற ஆலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். அதை நடத்திய அமெரிக்க ஆடை நிறுவனம் ரசல் 2009 ஜனவரியில் ஆலையையே மூடியது. 1,200 பேருக்கு வேலை போயிற்று. அமெரிக்க மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகங்களிடம் போனார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும் போட்ட சட்டைகளைத் தயாரிக்க ரசலுக்கு உரிமம் இருந்தது. அந்த உரிமத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். சுமார் நூறு பல்கலைக்கழகங்கள் ரத்து செய்தன. அதே ஆண்டு நவம்பரில் ரசல் இறங்கிவந்தது: ஆலை திறக்கும், 1,200 பேருக்கும் வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம். கவனியுங்கள், "ஹோண்டுராஸ் சட்டை வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டது ஆலைத் தொழிலாளர்கள், கோரிக்கை ஒன்று, பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் ஒன்று. தனித்தனி வாடிக்கையாளரை நம்பாமல், மொத்தமாக வாங்கும் இடத்தைப் பிடித்தார்கள்.

நம் கரைக்குப் பக்கத்திலேயே இதற்கு மூத்த உதாரணம் இருக்கிறது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். ஊர் என்ன செய்தது? வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டது. எதிர்த்துப் பேசியவருக்குச் சவரம் செய்ய மறுத்தது. சுமார் ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மில்லுக்குள் இருந்தவர்கள் தொடங்கினார்கள், வெளியே இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வரிசை அதுதான். வெளியே இருப்பவர் மட்டும் தனியாகத் தொடங்கினால் உள்ளே இருப்பவர் வயிற்றில்தான் அடி விழுகிறது.

ராணா பிளாசாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 2013 ஏப்ரல் 23 அன்று, டாக்கா அருகே சாவாரில், ஆடை ஆலைகள் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக்கிளை ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேல்தளத்துத் தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே ஏற்றினார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் இல்லை என்று மிரட்டினார்கள். ஏப்ரல் 24 அன்று 1,134 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபின் டிஸ்னி அந்த நாட்டை விட்டே வெளியேற முடிவெடுத்திருந்தது. ஒருவர் கைகழுவிக்கொண்டு போனதால் எந்த ஆலையிலும் ஒரு படிக்கட்டுகூடச் சேரவில்லை. மாறாக, மூன்றே வாரத்தில் பிராண்டுகளும் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட 'அக்கார்ட்' ஒப்பந்தம் சேர்த்தது. அதில் 200க்கு மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. சுமார் 1,600 ஆலைகள், 20 லட்சம் தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள். நீதிமன்றத்துக்கோ நடுவர் முன்போ இழுக்கக்கூடிய ஒப்பந்தம் அது. பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போய்த் தூண், மின்கம்பி, தீக்கதவு என்று பார்த்து எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டார்கள். முதல் சோதனைகளில் கண்ட கோளாறுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிசெய்யப்பட்டன. கடைவாசலில் நின்ற மக்களின் கோபம் அந்த மூன்று வாரத்தில் பிராண்டுகளின் கையைப் பிடித்து எழுதவைத்தது. புறக்கணிப்பு வருமோ என்ற பயம் செய்த வேலை, புறக்கணிப்பு செய்ததைவிட அதிகம்.

ஆனால் அக்கார்ட் கட்டடத்தைத்தான் காத்தது, கூலியை அல்ல. பங்களாதேஷ் ஆடைத் தொழிலின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2013 டிசம்பரில் 5,300 டாக்கா (அந்த நாட்டு நாணயத்துக்கும் இதே பெயர்தான்), 2018இல் 8,000, 2023 டிசம்பரில் 12,500. சங்கங்கள் கேட்டது 23,000. இந்த எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கூலிக்கு என்ன செலவாகும் என்பதையும் பார்ப்போம். இறால் உரிப்பில் கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அமெரிக்கக் கடையில் ஒரு பவுண்டு இறாலுக்கு 3 சென்ட்கூடக் கூடாது. மேலே போட்ட கணக்கில் அந்தப் பெண்ணுக்கு அது நாளைக்கு 150 ரூபாய். இப்படி ஒன்றை ஃபுளோரிடாவின் இம்மோகலீயில் தக்காளி பறிப்பவர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். 2001இல், அந்தத் தக்காளியை வாங்கும் டாகோ பெல் உணவகங்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள்; கேட்டது பவுண்டுக்கு ஒரே ஒரு சென்ட். 2005இல் கிடைத்தது. அந்த சென்ட் தோட்டக்காரரிடம் நின்றுவிடாமல் பறிப்பவர் கைக்கே வரவேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டதுதான் அதன் சிறப்பு.

கோரிக்கையைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதை நண்டு மேசையருகே போய்ப் பாருங்கள். வேகவைத்து ஆறிய நண்டு குவிந்திருக்கும். சிறு கத்தியால் ஓட்டைப் பிளந்து, நீந்தும் காலின் அடியிலுள்ள பெரிய சதைத்துண்டு உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் மட்டரகம், விலை இறங்கும். ஓட்டின் முள் விரல்நுனியைக் கீறும். குளோரின் தண்ணீர் அந்தக் கீறலில் படும். ஐஸில் கை மரத்துப்போகும். வெளிநாட்டில் யாரோ படம் பார்த்துக் கொதித்து, "கையுறை கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். வாங்குகிறவர் சார்பில் சோதனைக்கு வரும் ஆடிட்காரர் கையுறை கட்டாயம் என்று எழுதுகிறார். கூலியோ கிலோவுக்கு இவ்வளவு. கையுறை போட்டால் சதையின் பிடி தெரியாது, வேகம் குறையும். கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 30 கிலோ உரித்து 600 ரூபாய் வாங்கியவர், கையுறையோடு 24 கிலோ செய்தால் 480 ரூபாய். ஆகவே ஆடிட் நாளில் போடுகிறார், மறுநாள் கழற்றிவிடுகிறார். மேஸ்திரியும் கண்டுகொள்வதில்லை. நல்ல நோக்கத்தோடு கேட்ட கையுறை, கிலோ கூலியைத் தொடாததால், அந்தப் பெண்ணுக்கே அபராதம் ஆகிவிட்டது. சரியான கோரிக்கை: கையுறையோடு செய்யக்கூடிய அளவுக்கு நாள்கூலி உத்தரவாதம், கிழிந்தால் மாற்றுக் கையுறை கம்பெனி செலவு, இரண்டும் எழுத்தில்.

ஆடிட்டை மட்டும் நம்புவதற்கு கராச்சி பெரிய எச்சரிக்கை. 2012 செப்டம்பரில் அலி எண்டர்பிரைசஸ் ஆலைத் தீயில் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிலாளர் நிலை சரியாக இருக்கிறது என்று சொல்லும் எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து, ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் படாதது, தினமும் அதே வாசலில் நுழைகிறவர் கண்ணில் படும்.

அதனால்தான் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெரிதாகச் சொல்கிறேன். 2021 ஜனவரியில், திண்டுக்கல் அருகே ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். பெண்களே வழிநடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடி, வெளிநாட்டு அமைப்புகளின் துணையோடு 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகள் கையெழுத்திட்டன. தையல் வரிசையில் 25 பேருக்கு ஒருவராகத் தொழிலாளிகளிலேயே கண்காணிப்பாளர்கள் உண்டு; அவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுப்பது சங்கம். தகாத பேச்சோ கையோ பட்டால் அன்றே சொல்ல ஆள் பக்கத்து மெஷினில் இருக்கிறது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வியாபாரத்தில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. இந்த ஒப்பந்தத்தின் கீழ் நடந்த சீர்திருத்தத்தைப் பார்த்து செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. வெளியே ஒரு கதவு மூடியது, உள்ளே ஒரு சங்கம் தயாராக இருந்தது, இரண்டு மாதத்துக்குள் திறந்தது. உள்ளே சங்கம் இல்லாத இடத்தில் கதவு மூடினால் மூடியபடியே கிடக்கும்.

புறக்கணிப்பு போய்ச் சேராத இடங்களும் உண்டு. ராமநாதபுரம் உள்ளிட்ட தென்மாவட்ட வறண்ட ஊர்களிலிருந்து மேற்கே நூற்பாலை விடுதிகளுக்குப் பெண்பிள்ளைகளை புரோக்கர்கள் அழைத்துப்போன சுமங்கலித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மூன்று வருடம் இரு, கடைசியில் மொத்தமாகக் கல்யாணப் பணம். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இதை வெளிக்கொணர்ந்தபின் ஐரோப்பிய பிராண்டுகள் சில ஆலைகளை விட்டு விலகின. ஆனால் நூல் பிராண்டுக்கு இரண்டு, மூன்று படி பின்னால் இருக்கிறது. ஒரு கோன் நூல் நெசவுக்குப் போய், சாயம் ஏறி, துணியாகி, சட்டையாவதற்குள் யாருடையது என்ற அடையாளம் அழிந்துவிடும். அதில் பெரும்பங்கு நம் நாட்டுச் சந்தையிலேயே விற்றுவிடும். ஹாம்பர்க்கில் ஒருவர் சட்டையை ஒதுக்கினால் வேடசந்தூர் விடுதிக் கதவு திறக்காது. அங்கே வேலை செய்ய வேண்டியது நம் தொழிலாளர் துறையும் சங்கமும், பிள்ளையை அனுப்பும்முன் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் கேட்கும் பெற்றோரும்தான்.

முழுக் கைவிடலே சரியான இடமும் உண்டு. உஸ்பெகிஸ்தானில் அரசாங்கமே ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் மாணவர்களையும் பருத்தி எடுக்க வயலுக்கு விரட்டியது. 300க்கு மேற்பட்ட பிராண்டுகள் அந்த நாட்டுப் பருத்தி வேண்டாம் என்று உறுதி எழுதின. முடிவெடுக்க வேண்டியது ஒரே ஓர் அரசு, நிபந்தனையும் ஒன்றுதான், அறுவடைதோறும் உள்ளூர் ஆட்கள் வயலில் நின்று பார்த்தார்கள். அரசு நடத்திய கட்டாய வேலை ஒழிந்தது என்று தெரிந்ததும், 2022 மார்ச்சில் புறக்கணிப்பை முறையாக முடித்துக்கொண்டார்கள். முடிக்கும் தேதியில்லாத புறக்கணிப்புக்கு எதிராளி இறங்கிவரக் காரணமே இல்லை.

மலேசியாவுக்கு ஆள் போகும் ஊர்க்காரர்களுக்கு இதுவும் தெரிய வேண்டும். டாப் குளோவ் நிறுவனத்தின் ரப்பர் கையுறைகளை 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. கடன்பட்டு ஏஜென்டுக்குக் கட்டிவந்த கமிஷனைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடு என்பது முக்கிய நிபந்தனை. 3 கோடி டாலருக்கு மேல் கைக்குத் திரும்பிய பிறகே 2021 செப்டம்பரில் தடை விலகியது. அரசு செய்த தடைதான். ஆனால் கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

இனி உங்கள் அண்ணன் கொண்டுவந்த சட்டை. உடுத்துங்கள், அதற்கான உழைப்பு நடந்து முடிந்துவிட்டது. காலர் லேபிளில் உள்ள பிராண்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவச இணையதளத்தில் பிராண்டின் பெயரைத் தட்டினால், அது வெளியிட்டிருக்கும் ஆலைகளின் பெயரும் முகவரியும் வரும். ஒன்றும் வராவிட்டால் பிராண்டின் சொந்த இணையதளத்திலும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அந்த பிராண்ட் பட்டியலை வெளியிடாமல் இருக்கலாம். முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். அடுத்து அக்கார்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பட்டியலைப் பாருங்கள். பிறகு அந்த ஆலைச் சங்கமோ தேசியச் சங்கமோ இப்போது புறக்கணிக்கச் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். சொல்லியிருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் அவர்களை முந்திக்கொண்டு அறிவிக்காதீர்கள்.

கடிதம் எழுதலாம்; ஒருவராக எழுதுவதைவிட, கல்லூரி விளையாட்டு அணிச் சீருடைக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் நிர்வாகமோ, துபாயில் ஊழியர் சீருடை வாங்கும் நிறுவனத்தில் இருக்கும் உங்கள் ஊர்க்காரரோ எழுதினால் பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு. நீண்ட கடிதம் வேண்டாம். "உங்கள் பங்களாதேஷ் ஆலைகளின் பட்டியல் எங்கே இருக்கிறது? 2023 டிசம்பரில் குறைந்தபட்ச ஊதியம் 8,000 டாக்காவிலிருந்து 12,500 ஆனபோது ஒரு சட்டைக்கு நீங்கள் ஆலைக்குத் தரும் விலையை எவ்வளவு உயர்த்தினீர்கள்? அக்கார்டில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள்? 60 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை எங்கள் அடுத்த ஆர்டரை நிறுத்திவைக்கிறோம். பதில் திருப்தியாக இருந்தால் அதே ஆர்டரை உங்களுக்கே தருவோம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிரதி ஒன்றை அந்த நாட்டுச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கும்.